ஆதிகேசவன் பெயரில் ஒரு சீட்டு

மணல்மேட்டுக்குப்பம்,
பழவேற்காடு வழி.
3-2-1981

அன்புள்ள கமலவேணி அக்காவுக்கு,

உம்மு ஹானி எழுதுகிறேன். நீங்கள் கிளம்பி நான்கு மாதம் ஆகிறது. நான் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் படகு ஏறிவிட்டீர்கள் என்று எனக்குக் கோபம். இறால் பருவத்துக்கு இருபது நாள் பள்ளியை மூடிவிட்டோம் என்று உங்களுக்குக் கோபம். அதைப் பேச இப்போது உட்காரவில்லை. ஒரு காரியம் ஆகவேண்டும், அது உங்களால் மட்டும்தான் ஆகும்.

குடியரசு நாளன்று பொன்னேரியிலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஊரே பள்ளிக் கொட்டகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. "யாராவது ஒரு பிள்ளை எதையாவது படித்துக் காட்டட்டும்" என்றார். லோகநாயகி எழுந்து வந்தாள். ஒன்பது வயதில் இந்தக் குப்பத்தில் அவளைப் போலப் படிக்கிறவர் இல்லை. அது உங்கள் வேலை, மறுக்கவில்லை. மேசைமேல் இருந்ததிலேயே பெரிய புத்தகத்தை எடுத்தாள். நீங்கள் கோடு போட்டு வைத்துவிட்டுப் போன சேர்க்கைப் பதிவேடு. தன் பெயர் இருக்கும் பக்கத்தைப் புரட்டி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி நிமிர்ந்து நின்று, உரக்கப் படித்தாள். "ஆ. லோகநாயகி. தாய், ஜெயம்மா. தந்தை, ஆதிகேசவன். காலமானார்."

அதிகாரி கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன், முன்பு ஒருமுறை சொன்னபோது நீங்கள் காதில் வாங்கவில்லை. ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதுதான் பாடு. இந்த ஊரில் அதற்கு நாற்பத்திரண்டு பெயர்கள். ஒரு பெயர் போனால்தான் இன்னொரு பெயர் சேரும். கடலுக்குப் போய் வராதவன் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். அவன் வீட்டில் ஒருவர் தன் வாயால் 'செத்துவிட்டான்' என்று சொல்லும்வரை அவன் வராதவன், அவ்வளவுதான். ஆதிகேசவன் கடலுக்குப் போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. அவர் பாட்டில் ஜெயம்மாவின் தம்பி சின்னதம்பி வலை கட்டுகிறார். அந்த மீனில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

இப்போது ஆதிகேசவனின் அண்ணன் சிங்காரம் ஊர்ச் சபையில் எழுந்துவிட்டார். "வூட்டு வாயே சொல்லிடுச்சு. நானா சொன்னேன்? எம் புள்ளைக்குக் கல்யாணம் ஆயி மூணு வருசம் ஆவுது, இன்னும் அடுத்தவன் வலையில கூலிக்கு நிக்கிறான்" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை, அக்கா. அவர் சொல்வதும் முறைதான்.

சபைத் தலைவர் வேதாசலம் ஒரு வழி சொன்னார். "கொழந்த படிச்சது எழுத்தை. அந்த எழுத்து யாருதுன்னு எழுதுனவங்க சொல்லட்டும்." நீங்கள் உங்கள் கையால் ஒரு தாள் எழுத வேண்டும், தெரியாமல் எழுதிவிட்டேன் என்று. சித்திரை பிறந்த மறுநாள் யாருக்கு எந்தப் பாடு என்று சீட்டுப் போடுவார்கள். அதற்கு முன்னால் வந்து சேர வேண்டும். பாடு போனால் ஜெயம்மா தண்ணீரில் இறங்கி இறால் தடவப் போவாள், லோகுவும் பின்னால் போவாள். பள்ளி அத்தோடு முடிந்தது.

வாப்பாவுக்கு மூச்சிரைப்பு கூடியிருக்கிறது. மற்றபடி எல்லாரும் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உம்மு ஹானி


பினாங்கு,
16-2-1981

அன்புள்ள ஹானி,

உன் கடிதம் நேற்று வந்தது. விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். இருநூற்றுப் பத்து. பாதியில் நிறுத்திவிட்டுப் படித்தேன்.

பிள்ளைகளிடம் சொல்லாமல் வந்தது தவறு. சொல்லியிருந்தால் அழுதிருப்பார்கள், அடுத்த வாரம் மறந்திருப்பார்கள். எனக்கு முன்னால் வந்து போன தொண்டர்கள் இருவரின் பெயர்களும் அந்தக் குழந்தைகளுக்கு நினைவில்லை. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

நீ கேட்கும் தாளை என்னால் எழுத முடியாது. என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பாய். கார்த்திகைப் புயலில் போன கட்டுமரம் ஒன்றேகால் வருடமாகத் திரும்பவில்லை. அந்த மனிதர் எங்கே இருப்பார் என்று நினைக்கிறாய்? பள்ளிப் பதிவேட்டில் ஊரின் நம்பிக்கையை எழுத முடியாது, நடந்ததைத்தான் எழுத முடியும். லோகநாயகிக்கு ஒரு பாய், இரண்டு வேளைச் சோறு, ஒரு விளக்கு கிடைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு மட்டுமே பள்ளியோடு சேர்ந்த இல்லத்தில் இடம் என்பது நான் வைத்த விதி. அதை மாற்றிவிட்டால் அடுத்த நாள் முழுக் குப்பமும் பாயோடு வந்து நிற்கும் என்று நீயே சிரித்தாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் இப்போது 'தெரியாமல் எழுதிவிட்டேன்' என்று எழுதினால் அது பொய். தெரிந்துதான் எழுதினேன். ஒரு நல்ல காரியத்துக்காகப் பொய் சொல்லலாம் என்பது உங்கள் ஊரில் நான் கற்க மறுத்த பாடங்களில் ஒன்று.

லோகநாயகியின் படிப்புக்கு ஆவதை நான் அனுப்புகிறேன், எத்தனை வருடமானாலும். ஜெயம்மாவிடம் சொல்.

இங்கே தமிழர் சங்கத்தில் என் 'தொண்டு அனுபவம்' பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். படம் போட்டுக் காட்டலாம் என்றார்கள். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். வலியும் இருக்கிறது.

உன் வாப்பாவை ஈரக் காற்றில் உட்கார விடாதே.

சு. கமலவேணி


மணல்மேட்டுக்குப்பம்,
2-3-1981

கமலவேணி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பழவேற்காட்டில் தபால்காரரிடம் வாங்கி, படகிலேயே படித்தேன். படகில் ஜெயம்மாவும் இருந்தாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரை வந்ததும், "இன்னா டீச்சர், அந்தம்மா மாட்டேன்னுட்டாங்களா?" என்றாள். நீங்கள் படிப்புக்கு அனுப்புவதாகச் சொன்னதைச் சொன்னேன். "அவங்க நல்லா இருக்கட்டும். எனுக்கு எங்க ஊட்டுக்காரரு பேரு ஏரில இருந்தா போதும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

நீங்கள் தெரிந்துதான் எழுதினீர்களா? அன்று நான் பக்கத்தில் நின்றிருந்தேன், அக்கா. "கணவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா?" என்று கேட்டீர்கள். "அவரு வரலம்மா" என்றாள். மறுபடி கேட்டீர்கள். "வரலன்னா வரலதான்." மூன்றாம் முறை கேட்டபோது அவள் தரையைப் பார்த்தாள். இதை இங்கே யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள் என்று நான் உங்கள் காதருகே சொன்னேன். "பள்ளிக்கூடத்தில் சொல்லலாம்" என்றீர்கள். எழுதினீர்கள். பிறகு பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலை வைத்தீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்த கையெழுத்து. அதைப் போட அவளுக்கு எவ்வளவு பெருமை. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை. பாய் கிடைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆகவே என் கோபத்தில் பாதி என்மேலேயே.

உங்களுக்கு எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. லோகு இப்போது படிப்பதில்லை. வகுப்பில் எழுப்பினால் நிற்கிறாள், புத்தகத்தைப் பார்க்கிறாள், உதடு திறப்பதில்லை. மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்து கேலி செய்ததும் உண்டு. "வாயத் தொறக்காதடி, எங்க நைனாவும் பூடுவாரு" என்று ஒரு பையன் சொன்னான், அவனை அடித்துவிட்டேன். அடிக்கக் கூடாது என்ற உங்கள் விதி அங்கேயே போயிற்று. போன வெள்ளிக்கிழமை நான் படகுக்குக் கிளம்பும்போது அவள் பின்னாலேயே வந்தாள். தண்ணீர் ஓரம் வந்ததும் கேட்டாள். "டீச்சர், நான் படிச்சதாலதான் நைனா செத்துட்டாரா?"

இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நீங்களாக இருந்தால் ஏதாவது சரியாகச் சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் பொய் எழுத வேண்டாம். எழுதவே வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் இறந்ததை நீங்கள் பார்த்தீர்களா?

ஹானி


பினாங்கு,
15-3-1981

அன்புள்ள ஹானி,

நான்கு நாட்களாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். மாணவர்கள் இப்படிச் செய்தால் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது என்பேன்.

என் அப்பா சுப்பராயன் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். 1943இல் ஜப்பானியர்கள் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை என்று சொல்லி அப்பாவையும் லாரியில் ஏற்றினார்கள். எனக்குப் பதினொரு வயது. போர் முடிந்து சிலர் திரும்பி வந்தார்கள், எலும்பும் தோலுமாக. அவரோடு போனவர்களில் ஒருவர் 'ஆற்றங்கரை முகாமில் பார்த்தேன்' என்றார். இன்னொருவர் 'அந்த முகாமுக்கு அவர் வரவே இல்லை' என்றார். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த செய்தி.

அம்மா பொட்டை அழிக்கவில்லை. தோட்டத்துப் பெண்கள் பேசினார்கள், பிறகு அவர்களுக்கே அலுத்துப்போயிற்று. நான் பல்கலைக்கழகத்துக்குச் சிங்கப்பூர் போகும்போது உதவித்தொகைக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. தந்தை: உண்டு, இல்லை. நான் 'காலமானார்' என்று எழுதி அம்மாவிடம் நீட்டினேன். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். "என்னம்மா எழுதியிருக்கு?" என்றார். எனக்கு அப்போது இருபது வயது, உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற கர்வம். படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு பதினாறு வருடம் இருந்தார். பொட்டையும் எடுக்கவில்லை. என்னிடம் எதையும் படித்துக் காட்டச் சொல்லவும் இல்லை. கடிதம் வந்தால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவார்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. உனக்கும் சொல்லியிருக்க மாட்டேன், நீ ஜெயம்மாவின் கையெழுத்தைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால்.

நீ கேட்டதற்குப் பதில்: பார்க்கவில்லை. ஆதிகேசவனையும் பார்க்கவில்லை. அவர் இறந்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நினைப்பதும் தெரிவதும் ஒன்றல்ல. இருபது வருடமாக வகுப்பில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

சபைக்கான தாளை இதோடு தனியாக வைத்திருக்கிறேன். அதில் எழுதியது இவ்வளவுதான்:

"லோகநாயகியின் தந்தை ஆதிகேசவன் கடலுக்குப் போனார். வரவில்லை. அவர் இறந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஜெயம்மா அப்படிச் சொல்லவில்லை. நான் மூன்று முறை கேட்டும் சொல்லவில்லை. பதிவேட்டில் இருக்கும் சொல் என் சொல். அந்த வீட்டாருடையது அல்ல. அதைப் படித்த குழந்தை என் சொல்லைத்தான் படித்தாள். சு. கமலவேணி."

பொய் எதுவும் இல்லை என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

சிங்காரத்தின் மகனை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. ஒரு பக்கம் தைத்தால் இன்னொரு பக்கம் கிழிகிறது. உங்கள் ஊரில் நான் செய்த எல்லாமே அப்படித்தான் ஆயிற்று.

அப்பா பற்றி எழுதியது உனக்கு மட்டும்.

கமலவேணி


மணல்மேட்டுக்குப்பம்,
17-4-1981

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உறை ஏப்ரல் பத்தாம் தேதிதான் வந்தது. பழவேற்காட்டுக்கும் நமக்கும் நடுவில் ஏரியில் தண்ணீர் வற்றி, படகு பாதியில் தட்டி நின்றது. உறையைத் தலையில் முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்து வந்தேன். என்னைப் பார்த்து, "டீச்சர் தலையில இன்னா, எறாவா?" என்று பெண்கள் சிரித்தார்கள்.

சித்திரை இரண்டாம் நாள் கங்கையம்மன் கோயில் முன்னால் சபை கூடியது. பெண்கள் தள்ளி நிற்க வேண்டும். நானும் தள்ளித்தான் நின்றேன். வேதாசலத்திடம் தாளைக் கொடுத்தேன். அவருக்குப் படிக்க வராது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சிங்காரம் எழுந்தார். "இது அந்தம்மா எழுதுனதுன்னு எப்பிடித் தெரியும்? டீச்சரே எழுதிக்கினு வந்திருந்தா?"

"ஹானி டீச்சர் எழுத்து எனுக்கே தெரியும்" என்றார் சின்னதம்பி. "கோழி கெளறுன மாதிரி இருக்கும். இது அது இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. நீங்கள் இருந்தபோது என் கையெழுத்தைப் பற்றிச் சொன்னதைத்தான் அவர் எங்கேயோ கேட்டு வைத்திருக்கிறார்.

வேதாசலம் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தம்மா எழுத்துல படிச்ச கொழந்த இருக்குதில்ல. அது பாத்துச் சொல்லட்டும். அன்னிக்குப் படிச்ச வாயே இன்னிக்கும் படிக்கட்டும்" என்றார்.

அந்தப் பெண் மூன்று மாதமாக ஓர் எழுத்தும் வாயால் படிக்கவில்லை. ஜெயம்மா அவள் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினாள். லோகு தாளை வாங்கினாள், பார்த்தாள், "கமலவேணி டீச்சர் எழுத்துதான்" என்றாள். பிறகு நின்றாள். காற்றில் தாள் படபடத்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒருவர் இருமினார். சிங்காரம் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார்.

"படிம்மே" என்றாள் ஜெயம்மா.

படித்தாள், அக்கா. முதலில் எனக்கே கேட்கவில்லை. 'வரவில்லை' என்ற இடத்தில் குரல் வந்தது. 'எனக்குத் தெரியாது' என்பதை அவளாகவே இரண்டு முறை படித்தாள். கடைசி வரி முடிந்ததும் தாளை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய் மணலில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆதிகேசவன் பெயரில் ஒரு சீட்டு எழுதிப் பானையில் போட்டார்கள். விழுந்த இடம் நல்லதல்ல. வடக்கு ஓரம், பங்குனி பிறந்தால் கணுக்கால் தண்ணீர். முகத்துவாரம் பக்கம் விழுந்திருந்தால் கதை போல இருந்திருக்கும். எப்படியோ, பெயர் இருக்கிறது.

சிங்காரம் போகும்போது என் பக்கம் நின்றார். "எந்தம்பி செத்துட்டான்னு சொல்ல எனுக்கு மட்டும் ஆசையா, டீச்சர்?" என்றார். அவர் மகன் மறுநாள் காலை வழக்கம் போலக் கூலிக்கு வலை இழுக்கப் போனான்.

இனி ஒரு கணக்கு பாக்கி. ஆதிகேசவன் வராதவர் என்றால் லோகு தந்தையை இழந்த பிள்ளை இல்லை. விதிப்படி அவளுக்கு இல்லத்தில் இடம் இல்லை. விதி உங்கள் கையெழுத்தில் சுவரில் தொங்குகிறது. இன்னும் அவள் பாயை நான் சுருட்டவில்லை. பதிவேட்டிலும் நீங்கள் எழுதியது அப்படியே இருக்கிறது. நான் அடித்தால் அது நான் அடித்ததாக ஆகும். என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு மட்டும் என்று நீங்கள் எழுதியதை ஜெயம்மாவிடம் சொல்லிவிட்டேன். சபைக்கு முந்தின நாள் அவள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள், என்ன சொல்வதென்று தெரியாமல் அதைச் சொன்னேன். முழுதும் கேட்டாள். "அந்தம்மாவுக்குமா?" என்றாள். எழுந்து போய்ச் சாப்பிட்டாள். லோகு ஓலைத் தட்டிக்குப் பின்னால் இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. நேற்று வகுப்பில், எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது, கையைத் தூக்கிக் கேட்டாள். "கமலவேணி டீச்சரோட நைனா வந்துட்டாரா?"

உங்களிடம் கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

உங்கள்,
ஹானி


பினாங்கு,
30-4-1981

அன்புள்ள ஹானி,

உனக்கு மட்டும் என்று எதையும் இனி உனக்கு எழுதக்கூடாது. ஆனால் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று ஒரு நாள் முழுதும் காத்திருந்து பார்த்தேன்.

சுவரில் இருக்கும் விதியை எடுத்துவிடு. எந்தப் பிள்ளைக்குப் பாய் தேவை என்று ஊருக்குத் தெரியும். என்னைக் கேட்காமல் இத்தனை வருடமாக அவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். முழுக் குப்பமும் வந்து நின்றால், நின்றுவிட்டுப் போகட்டும். அப்போது யோசிக்கலாம்.

பதிவேட்டில் என் சொல்லை நீ அடிக்காதே. இதோடு ஒரு சிறிய தாள் இருக்கிறது, அதே அளவுக்கு வெட்டியிருக்கிறேன். 'வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதன்மேல் ஒட்டிவிடு. பசையில் உப்புக் கலந்துவிடாமல் பார்த்துக்கொள், உங்கள் காற்றில் எதுவும் ஒட்டுவதில்லை.

நான் மறுபடி வருவேனா என்று நீ கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி. தெரியாது.

கீழே இருப்பதை லோகநாயகியிடம் கொடு. அவளே படித்துக்கொள்ளட்டும்.

கமலவேணி

லோகநாயகிக்கு,

நீ கேட்டதாக ஹானி டீச்சர் எழுதியிருந்தார். என் நைனாவின் பெயர் சுப்பராயன். 1943ஆம் வருடம் வேலைக்குப் போனார்.

இன்னும் வரவில்லை.